தொடாதே, வாங்கு

எதைச் செருகினாலும் அக்கா ஒருமுறை பிடுங்கிவிட்டு மறுபடி செருகுவாள். போன் சார்ஜர், மிக்சி பிளக், கேஸ் அடுப்பின் ரப்பர் குழாய், எதுவானாலும் சரி. வீட்டுக் கதவைப் பூட்டினால் உடனே திறந்து, மறுபடி பூட்டிவிட்டுத்தான் படியிறங்குவாள். தங்கைக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். கிண்டல் செய்தால் பதில் தயாராக இருக்கும்.

"முதல் தடவை உள்ள போச்சுன்னு நாம நெனச்சுக்கறோம். ரெண்டாவது தடவைதான் அது நிஜமா போகுது."

அவளுடைய கோபமும் அந்த வகைதான். அன்றைக்கே ஆறிவிட்டது போலத் தெரியும். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது திரும்பி வந்து, இன்னும் ஒரு விரற்கடை ஆழமாக உட்கார்ந்துகொள்ளும்.

பள்ளிப் படிப்போடு அக்கா நின்றுகொண்டாள். வீட்டில் ஒருத்தியைத்தான் கல்லூரிக்கு அனுப்ப முடியும் என்ற நிலையில், தானாகவே விலகிக்கொண்டு, "எனக்குப் புத்தகத்தைப் பாத்தா தூக்கம் வருது, அவளை அனுப்புங்க" என்று சொல்லிவிட்டாள். அது பொய் என்பது தங்கைக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் கல்லூரிக்குப் போனாள். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு 'வாத்தியாரம்மா' என்று பெயர். பாசமா குத்தலா என்று அவளால் கடைசிவரை பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

பத்தொன்பது வயதில் அக்கா வேலைக்குச் சேர்ந்தது ஒரு வீடியோ கேம் கடையில். கடைத்தெருவின் மூலையில், மேலே பல் மருத்துவர், கீழே இந்தக் கடை. முதலாளி ஒவ்வொரு கண்ணாடி அலமாரிக்கும் மூன்று பூட்டு போடுபவர். அதனால் தெருவே அவரை 'மூணுபூட்டு' என்றுதான் சொல்லும். விற்க வந்த அக்கா ஆறே மாதத்தில் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டாள். அழுத்தி அழுத்தித் தேய்ந்த பொத்தானை மாற்றுவாள், கீல் உடைந்த கையடக்க மெஷின்களைப் பிரித்துப் பொருத்துவாள். தனக்கென்று ஒன்றையும், யாரோ வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனதை, அப்படித்தான் உயிர்ப்பித்து வைத்திருந்தாள்.

அந்த மெஷின்களுக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. மூடிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாலும், இன்னொருவர் பையில் அதே மாதிரி மெஷின் பக்கத்தில் வந்தால் இரண்டும் தங்களுக்குள் வணக்கம் சொல்லிக்கொள்ளும். மூலையில் ஒரு பச்சை விளக்கு மினுக்கும். திறந்து பார்த்தால் அந்த ஆளின் பொம்மை உள்ளே வந்து நிற்கும். அவர் தன் முகச்சாயலில் செய்துவைத்த குட்டிப் பொம்மை, தலைக்குமேல் ஒரு வரி வாசகத்தோடு. மெஷின் வைத்திருப்பவர்கள் அதிகம் இல்லாத ஊர்களுக்காகச் சில கடைகளில் ஒரு வயர்லெஸ் பெட்டி வைத்திருந்தார்கள். காலையில் வந்து போனவரின் பொம்மையை அது பிடித்து வைத்திருந்து, மாலையில் வருகிறவருக்குக் கொடுக்கும். மூணுபூட்டு கடையில் அப்படி ஒரு பெட்டி இருந்தது. சனிக்கிழமை மாலையானால் அதற்காகவே கூட்டம் கூடும். வங்கிக் குமாஸ்தா, ஆம்புலன்ஸ் டிரைவர், முடிதிருத்துபவர், கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோரும் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நின்றவர்கள் நாலு பேரில் ஒருவர் எதையாவது வாங்குவார்.

வாசலருகே, சங்கிலி போட்ட மெஷின் ஒன்று வருகிறவர்கள் விளையாடிப் பார்ப்பதற்காக இருந்தது. அதற்குப் பொம்மை செய்து வைத்தது அக்காதான். வழுக்கைத் தலை, மூன்று மடிப்புத் தாடை, சுருங்கிய புருவம் என்று அச்சு அசலாக மூணுபூட்டு. தலைக்குமேல் வாசகம்: 'தொடாதே, வாங்கு.' கடைக்கு வந்துபோன எல்லார் மெஷினுக்குள்ளும் அந்தப் பொம்மை போய் உட்கார்ந்தது. ஊரே சிரித்தது. முதலாளிக்கு மட்டும் விஷயம் தெரியாது.

"உன் மெஷின்ல தினமும் அவர் வந்து நிப்பாரே?" என்று தங்கை கேட்டாள்.

"நான் அவரை வர விடாம பண்ணிட்டேன்டி. அதுல அதுக்கு வழி இருக்கு. பத்து மணி நேரம் நேர்ல பாக்கறது போதாதா?"

இருவரும் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அப்பா வாகன நிறுத்துமிடத்தில் காவலாளி. வாசல் கூண்டில் உட்கார்ந்து சீட்டுக் கிழித்துக் கொடுப்பது வேலை. டியூட்டி முடிந்து, சீருடையோடு, தோளில் துணிப்பையோடு கடைக்கு வந்து அக்காவை அழைத்துக்கொண்டு போவார். கடை மூட அரைமணி ஆகும். அந்த அரைமணியும் சங்கிலி மெஷினில் ஒரு குட்டி ஊரைக் கட்டும் விளையாட்டை விளையாடிக்கொண்டு நிற்பார். மரம் நடுவார், குளம் வெட்டுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் விளையாடுவதைப் பார்த்து முதலாளிகூட, "பெரியவரே, வரி வசூல் எல்லாம் ஒழுங்கா நடக்குதா?" என்பார்.

அந்தச் சனிக்கிழமை தங்கையும் கடையில் இருந்தாள். பழைய மாடல் என்பதால் சங்கிலி மெஷினில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு மறுநாள் விற்கப்போவதாக முதலாளி சொன்னார். அக்கா சங்கிலியை அவிழ்த்து, மெஷினை மேசைமேல் வைத்துவிட்டு, அதன் அட்டைப்பெட்டியைத் தேட உள்ளே போனாள். திரும்பி வந்தபோது மேசையில் மெஷின் இல்லை.

"அவுத்தது யாரு? நீ. கடைசியா தொட்டது யாரு? நீ."

"சார், நான் பெட்டி எடுக்க உள்ள போனேன்..."

"பையைக் குடு."

அக்கா கொடுக்கவில்லை. அவரே பிடுங்கிக் கண்ணாடி மேசைமேல் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, சீப்பு, நான்கு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சானிட்டரி நாப்கின், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். கடைக்குள் இருபது பேராவது இருந்தார்கள். முடிதிருத்துபவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆம்புலன்ஸ் டிரைவர் தன் ஷூவைப் பார்த்தார். மெஷின் பையில் இல்லை. அதனாலென்ன?

"எங்கயோ ஒளிச்சு வச்சிருக்க. நாளையிலேருந்து வராத. போலீசுக்குப் போகாம விடறேன், அது உங்கப்பா மூஞ்சிக்காக."

அப்பா வாசலருகே சீருடையில் நின்றுகொண்டிருந்தார். மேசைக்கு வந்து, சிதறிக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டு, பையைத் தானே தூக்கிக்கொண்டார். மூவரும் நடந்து வீடு வந்தார்கள். வழியில் அக்கா அழவில்லை. கதவைத் திறந்து, பூட்டி, திறந்து, மறுபடி பூட்டினாள். பிறகு சொன்னாள்:

"எங்க வச்சு சொன்னானோ, எவன் எவன் முன்னாடி சொன்னானோ, அவங்க முன்னாடியே அவன் வாயால 'நீ எடுக்கல'ன்னு சொல்லணும். சொல்ல வைக்கல, நான் ஒரு மனுஷியே இல்ல."

அம்மா, "விடுடி, ஊர் வாயை மூட முடியுமா?" என்றாள்.

"மூட வேணாம்மா. திறக்கத்தான் வைக்கணும்."

அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் கேபிள் இழுக்கும் ஒரு காண்டிராக்டரிடம் அக்காவுக்கு வேறு வேலை கிடைத்தது. உடம்பு அங்கே இருந்தது. புத்தி முழுவதும் ஒரே கணக்கில் ஓடியது. மெஷினைத் திருடியவன் அதைப் பெட்டியிலா பூட்டி வைப்பான்? விளையாடுவான். பையில் போட்டுக்கொண்டு திரிவான். திரிந்தால் வழுக்கைப் பொம்மை எங்காவது வந்து எட்டிப் பார்க்கும். யார் மெஷினிலிருந்து வருகிறது என்று தெரிந்தால் திருடன் கையும் களவுமாக மாட்டுவான். அதற்கு ஊரிலுள்ள விளையாட்டுக்காரர்கள் எல்லோரும் தன் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். மூணுபூட்டு கடையைவிடப் பெரிய பெட்டி வேண்டும்.

வீடு முதல் மாடி, ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் நிறுத்தம். இடம் அமைந்துவிட்டது. ஏதோ ஒரு அலுவலகத்தில் கழித்துப் போட்ட ரூட்டரை எடுத்து வந்தாள். கடைகளில் இருக்கும் பெட்டிகளுக்கு ஒரு வைஃபை பெயரும், ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணும் உண்டு. வீட்டு ரூட்டருக்கு அதே பெயரையும் எண்ணையும் கொடுத்துவிட்டால் மெஷின் ஏமாந்துபோய், 'இதுவும் கடைப் பெட்டிதான்' என்று நம்பிவிடும். அந்தப் பெட்டிகள் நெட் வழியாக உலகம் முழுக்கப் பொம்மைகளைக் கைமாற்றிக்கொள்பவை. உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கும் கிறுக்கர்கள் இதைக் கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தார்கள். அதெல்லாம் ஆங்கிலத்தில். படித்துச் சொல்லத்தான் வீட்டில் ஒரு வாத்தியாரம்மா இருந்தாளே.

"என்னடி எழுதியிருக்கான், வரிக்கு வரி சொல்லு. சுருக்காத."

தங்கை வரிக்கு வரி சொன்னாள். பட்டப்படிப்பு முதன்முதலாகப் பயன்பட்டது இதற்குத்தான் என்று நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். கூடவே சின்னதாக ஒரு பயமும். தான் படித்துச் சொல்வது ஒரு பொறியின் செய்முறை என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் அக்கா விட்டுக்கொடுத்த கல்லூரியில் உட்கார்ந்து வந்தவள், அக்கா கேட்டதை எப்படி மறுப்பாள்?

முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. அக்கா ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டே வந்தாள். எண்ணில் ஒரு பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' அடித்திருந்தாள், திருத்தினாள். கடவுச்சொல் போட்டிருந்தாள், கடைப் பெட்டிக்குப் பூட்டு கிடையாது, எடுத்தாள். பூட்டை எடுத்ததும் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோரும் ஓசி நெட்டில் படம் பார்க்க ஆரம்பித்தார்கள். விளையாட்டு மெஷின் தவிர வேறெதுவும் நுழையாதபடி அடைத்தாள். பிறகும் வரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான், மெஷினுக்குள் பத்துப் பொம்மை சேர்ந்துவிட்டால் அவற்றைப் பார்த்து அனுப்பும்வரை பதினொன்றாவது உள்ளே வராது என்பது தெரிந்தது. வாசலில் விருந்தாளிகள் வரிசையாக நிற்க, உள்ளே இருந்தவர்களை யாரும் எழுப்பாமல் விட்ட கதை.

அனுப்பினாள். மெஷினை மூடி ரூட்டர் பக்கத்தில் வைத்தாள். பச்சை விளக்கு மினுக்கியது.

"வந்துட்டான்டி!" என்று கத்தினாள். வந்தவன் எந்த நாட்டிலோ இருக்கும் பால்காரன்.

ஒரே எண்ணுள்ள பெட்டியிடம் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் மெஷின் பேசும். அக்கா அதற்கும் வழி கண்டாள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரூட்டர் தானாக எண்ணை மாற்றிக்கொள்ளும்படி செய்தாள். கடையில் நாள் முழுக்க நின்றாலும் நாலைந்து பொம்மைதான் கிடைக்கும். இங்கே மாடிப்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஐம்பது, அறுபது. முடிதிருத்துபவரிடம் மட்டும் சொன்னாள். அவரிடம் சொன்னால் ஊரில் முக்கால்வாசித் தலைக்குச் சொன்ன மாதிரி.

மூன்றாவது சனிக்கிழமை படியில் இடமில்லை. வங்கிக் குமாஸ்தா மடியில் விரித்த கைக்குட்டையோடு மேல்படியில், ஆம்புலன்ஸ் டிரைவர் கைப்பிடிச் சுவரில். அன்றைக்குக் கடையில் நின்ற அதே முகங்கள். அக்கா வாசலில் நின்று எல்லோரிடமும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வழுக்கைத் தலை, மூணு தாடை. 'தொடாதே, வாங்கு.' அந்தப் பொம்மை யாருக்கு வந்தாலும் எனக்கு அந்த நிமிஷமே காட்டணும். நடு ராத்திரியா இருந்தாலும் கதவைத் தட்டுங்க."

"அது வந்து நாலு மாசம் ஆச்சேம்மா" என்றார் டிரைவர்.

"வரும்ணே. எங்க போயிடும்?"

அடுத்த வாரத்திலிருந்து அப்பா சனிக்கிழமைகளில் தானாகக் கேட்டு இரட்டை டியூட்டி வாங்கிக்கொண்டார். "வீட்டுல ஒரே சத்தம்" என்றார்.

மூணுபூட்டு கடை வாசல் காலியாகிக்கொண்டே வந்தது. தங்கை கல்லூரிக்குப் போகும் வழியில் பார்ப்பாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டில் வந்து சொன்னால் அக்கா, "ஸ்டூல்லயா, நாற்காலியிலயா?" என்று கேட்பாள். "தலையைச் சொறிஞ்சுகிட்டா?" என்று கேட்பாள். ஒவ்வொரு விவரத்தையும் மென்று விழுங்குவாள். பசியில் இருந்தவள் சாப்பிடுவதைப் பார்ப்பது போலத் தங்கைக்குத் திருப்தியாகவும் இருக்கும், கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கும். இனி அந்த வழியாகப் போகாமல் இருக்கலாம் என்று நினைப்பாள். மறுநாளும் அதே வழியாகத்தான் போவாள்.

ஆனால் வழுக்கைப் பொம்மை வரவில்லை. அதோடு புதிதாக ஒரு கோளாறு. வார நாட்களில் சரியாக மாலை ஆறு பத்துக்கு ரூட்டர் செத்துப்போகும். ஆறே முக்காலுக்கு உயிர் வரும். அந்த நேரத்தில் அக்கா வேலையிலிருந்து வந்திருக்க மாட்டாள். ரூட்டரே எழுதி வைக்கும் குறிப்பில் அது பதிவாகியிருக்கும். அடாப்டரை மாற்றினாள். சூடாகிறதோ என்று அடியில் இரண்டு பாட்டில் மூடி வைத்து உயர்த்தினாள். பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் மேல் சந்தேகப்பட்டு, என்ன நேரத்துக்குச் சூடு பண்ணுவீர்கள் என்று கேட்டு அவர்களைக் கோபப்படுத்தினாள். கடைசியில் முடிவுக்கு வந்தாள்.

"மூணுபூட்டு வேலைதான். ஆள் வச்சு ஏதோ பண்றான்."

"அவருக்குத் தன் போன்ல சத்தத்தைக் குறைக்கவே தெரியாதேக்கா."

"உனக்கு அவனைத் தெரியாதுடி, வாத்தியாரம்மா. நாளைக்கு நான் சீக்கிரம் வரேன். கண்ணால பாத்துடறேன்."

மறுநாள் ஐந்தரைக்கே வந்தாள். முடிதிருத்துபவர் கீல் மாற்றக் கொடுத்திருந்த மெஷினைத் தங்கை கையில் திணித்தாள். "இதையும் மூடி மடியில வச்சுக்கோ. ரெண்டு மெஷின் இருந்தா, கோளாறு பெட்டியிலயா என் மெஷின்லயான்னு தெரிஞ்சுடும்." தன் மெஷினை ரூட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாள். எலி வருமென்று மூச்சைப் பிடித்து நிற்கும் பூனை மாதிரி.

ஆறு எட்டுக்கு அப்பா வந்தார். துணிப்பையை ஆணியில் மாட்டினார். நேராகப் போய், கால் பெருவிரலால் சுவரோரத்துச் சுவிட்சை அணைத்தார். ரூட்டர் விளக்குகள் அணைந்தன.

திரைக்குப் பின்னாலிருந்து அக்கா வெளியே வந்தாள்.

"அப்பா! நீங்களா தினமும் அணைக்கறது?"

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சும்மா எதுக்கும்மா எரியணும்... குளிச்சுட்டு வந்து போட்டுடறேனே."

"நான் பக்கத்து வீட்டுல சண்டை போட்டு, அடாப்டர் மாத்தி, பாட்டில் மூடி வச்சு... கடவுளே!" அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். தங்கையும் சிரித்தாள். அப்பாகூடச் சிரித்தார்.

அப்போது தங்கையின் மடியில் பச்சை விளக்கு மினுக்கியது.

ரூட்டர் அணைந்து கிடந்தது. அவள் மெஷினைத் திறந்தாள். வழுக்கைத் தலை, மூன்று தாடை, சுருங்கிய புருவம். தொடாதே, வாங்கு.

"அக்கா."

அக்கா ஒரே பார்வைதான் பார்த்தாள். "மாட்டினான்! பெட்டி அணைஞ்சிருக்கு, அப்படின்னா நேருக்கு நேர். ஆள் பக்கத்துலயே இருக்கான்!" ஜன்னலுக்கு ஓடிப் பாதி உடம்பை வெளியே நீட்டினாள். பஸ் நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை. ஒரு நாய் படுத்திருந்தது. "போயிட்டானா? எந்தப் பக்கம்..." திரும்பி வந்தவள், ரூட்டர் பக்கத்திலிருந்த தன் மெஷினைப் பார்த்தாள். அதில் விளக்கு எரியவில்லை. "இதுக்கு ஏன் வரல? ரெண்டும் ஒரே ரூம்லதானே இருக்கு?"

அவள் முகம் மாறுவதைத் தங்கை பார்த்தாள். அக்கா மெஷினைத் திறந்து, எங்கெங்கோ உள்ளே போய், ஒரு பட்டியலுக்கு வந்தாள். வர விடாமல் தடுத்த ஆட்களின் பட்டியல். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

பத்து மணி நேரம் நேர்ல பாக்கறது போதாதா என்று சிரித்த சிரிப்பு. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள். இத்தனை மாதமும் அந்தப் பொம்மை வந்து வந்து கதவைத் தட்டியிருக்கிறது. திறக்காதே என்று சொல்லி வைத்திருந்தது அவளேதான்.

அக்கா அந்தப் பெயரைத் தட்டி விடுவித்தாள். மெஷினை மூடினாள். திறந்து, மறுபடி மூடினாள். மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பச்சை விளக்கு மினுக்கியது. அதே கணத்தில் ஆணியில் தொங்கிய துணிப்பைக்குள், மெல்லிய துணி வழியாக, இன்னொரு பச்சை மினுக்கியது.

சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் அக்கா. குரல் உயரவேயில்லை.

"அன்னையிலேருந்து."

"அவன் என் பையைக் கொட்டும்போது உங்க பைக்குள்ள இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"என்னோடத எல்லாம் பொறுக்கி எடுத்தீங்களே, அப்பவும்?"

அப்பா தலையாட்டினார். பிறகு, சிறு பிள்ளை மாதிரி, "மறுநாள் எல்லாத்தையும் அழிச்சுடுவேன்னாரும்மா. ஒரு வருஷமா நான் நட்டது... மேசைமேல கெடந்துச்சு. வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டுக் குடுத்துடலாம்னு... அவன் அப்படிக் கத்துவான்னு நெனக்கல. கத்தின பிறகு எப்படி எடுக்கறது?" என்றார்.

காவலாளி உடுப்பில் நின்ற ஆளை அன்றைக்கு யாரும் சோதிக்கவில்லை. தங்கைக்கு ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. பொம்மை பெட்டிக்குள் போய்விடாதபடி ரூட்டரை அணைத்துவிட்டு, ஆறு பத்து முதல் ஆறே முக்கால்வரை குழாயைத் திறந்துவிட்டு அப்பா குளிப்பது, குளிக்கப் போகும்போது பையையும் உள்ளே எடுத்துப்போவது, சனிக்கிழமை இரட்டை டியூட்டி. அவளுக்கும் கண் இருந்தது. பட்டமும் வாங்கப்போகிறாள். ஏன் பார்க்கவில்லை? அல்லது, பார்க்க வேண்டாமென்று அவளும் ஒரு பட்டியல் வைத்திருந்தாளா?

அக்கா பையிலிருந்து மெஷினை எடுத்தாள். உள்ளே எல்லாவற்றையும் துடைத்து அழிக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், அப்பாவிடம் நீட்டினாள்.

"நீங்களே அழுத்துங்க."

"அம்மாடி..."

"அன்னைக்கு அவன் அழிச்சிருந்தா மரம் மட்டும்தான் போயிருக்கும். அழுத்துங்கப்பா."

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். உதட்டைக் கடித்துக்கொண்டார். அழுத்தினார். குளமும் மரங்களும் போயின. வழுக்கைப் பொம்மையும் போனது. திரையில் வெள்ளை மட்டும் மிஞ்சியது. அன்றிலிருந்து ஒரு வருஷம் அக்கா அவரிடம் பேசவில்லை. சாப்பாடு போடுவாள், சீருடை துவைப்பாள், பேச மாட்டாள்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அந்த வாரச் சனிக்கிழமை மாலை, படி நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும்போது, மூணுபூட்டு வந்தார்.

கீழ்ப்படியில் நின்றார். இளைத்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தைத் தொடாமல் நின்றது. படியில் இருந்தவர்கள் மெஷின்களை மூடினார்கள். அக்கா வாசலுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால், அறைக்குள், துடைத்து வெள்ளையான மெஷின் அலமாரியில் இருந்தது. தங்கை அலமாரிக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றாள்.

"கடையை மூடப்போறேன்மா," என்றார். "அதுக்கு முன்னாடி சொல்லிடணும்னு தோணுச்சு. அன்னைக்கு நான் அவசரப்பட்டுட்டேன். யோசிச்சுப் பாத்தேன். ரெண்டு வருஷத்துல ஒரு ஸ்க்ரூ காணாமப் போனதில்ல. நீ எடுக்கல."

அரை வருஷமாக அக்கா கேட்க ஏங்கிய சொல். எந்த முகங்கள் முன்னால் கேட்க நினைத்தாளோ, அதே முகங்கள் முன்னால். முடிதிருத்துபவர் இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

தங்கை மனசுக்குள் கெஞ்சினாள். சொல்லிவிடு அக்கா. உள்ளே இருக்கிறது என்று சொல்லிவிடு. அல்லது, 'பரவாயில்ல சார்' என்றாவது சொல். அதே நேரத்தில், சொல்லிவிடாதே, அப்பா மாட்டிக்கொள்வார் என்றும் கெஞ்சினாள். எது அவள் உண்மையான வேண்டுதல் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

அக்கா சொன்னாள்: "சரியா கேக்கல சார். மேல்படியில இருக்கறவங்களுக்கும் கேக்கணும். இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"நீ எடுக்கல. நான்தான் தப்பா சொன்னேன்."

அக்கா தலையாட்டினாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். பூட்டி, திறந்து, மறுபடி பூட்டினாள். கதவுக்கு வெளியே அவர் கொஞ்ச நேரம் நின்றிருக்க வேண்டும். காலடிச் சத்தம் உடனே இறங்கவில்லை.

அடுத்த மாதம் கடை மூடப்பட்டது. ரூட்டரையும் அக்கா கழற்றிவிட்டாள். "வேலை முடிஞ்சுது" என்றாள். ஆனால் முடிந்த ஆள் மாதிரி அவள் தூங்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு வேறொரு ஊரில் பெரிய கம்பெனியில் வேலை வந்தது. பெட்டி கட்டும்போது தங்கை அந்த மெஷினை எடுத்துக் காட்டினாள்.

"இதை என்ன பண்றது?"

"அது அங்கயே இருக்கட்டும்."

"அவர்கிட்ட குடுத்துடலாமேக்கா. பஸ் ஸ்டாண்டுகிட்ட போன் கவர் விக்கிறார். ஒரு மேசை, ஒரு குடை. ஒரு பூட்டுகூட இல்ல."

அக்கா பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். "குடுக்கும்போது என்ன சொல்லிக் குடுப்ப?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. படித்தவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நிஜமாகவே நம்பிக் கேட்டாள். தங்கை மெஷினைத் தன் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

போன மாதம் தங்கை அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவர் மேசைக்குப் போனாள். பை அவள் தோளை இழுத்தது. அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

"வாத்தியாரம்மாவா? வேலைக்குப் போறியாமே. என்ன போன்? காட்டு."

அவள் போனைக் காட்டினாள். அவர் கவரைப் பொருத்தி, ஓரங்களை விரலால் அழுத்திப் பார்த்துக் கொடுத்தார். அவள் நகரவில்லை. கை பையின் ஜிப்மேல் இருந்தது.

"உங்கக்கா நல்லாயிருக்காளா?"

"இருக்காங்க சார்."

"ரெண்டு தடவை சொல்ல வச்சா," என்று அவர் சிரித்தார். "சொன்னேன். அதுல தப்பில்ல, நான் செஞ்சதுக்கு அது வேணும்தான். ஆனா பதிலுக்கு அவ ஒரு வார்த்தை சொல்லலம்மா. சரின்னோ, போடான்னோ. அன்னைக்கு அந்தக் கதவுக்கு வெளிய நின்னு பாத்தேன். பேசும்போது ஏன்னு கேட்டுச் சொல்லு, என்ன?"

"கேக்கறேன் சார்" என்றாள்.

பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, திறக்காத பையை மடியில் வைத்துக்கொண்டாள். அக்காவிடம் அவள் இன்னும் கேட்கவில்லை. அவரும் அந்தக் குடைக்கடியில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.